ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளே,

"அம்மா, இந்த அக்டோபர் ப்ரைடு ஊர்வலத்துக்கு எங்களோடு வருகிறாயா?" என்று நீ கேட்டு ஒரு வாரம் ஆகிறது. பெண்ணைக் காதலிக்கும் பெண்களும் ஆணைக் காதலிக்கும் ஆண்களும் உரிமை கேட்டு, முகம் மறைக்காமல் நடக்கும் ஊர்வலம். போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1990-ல் டர்பனில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம், ரொட்டி சுற்றிக்கொண்டு போன பத்திரிகைத் தாளில் ஒரு படம். ஜோகன்னஸ்பர்க் தெருவில் ஓர் ஊர்வலம். சிலர் தலையில் காகிதப் பை மாட்டியிருந்தார்கள். பார்ப்பதற்கு மட்டும் இரண்டு ஓட்டை. அக்டோபர் 13-ல் நடந்த அதுதான் தென்னாப்பிரிக்காவின் முதல் ப்ரைடு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். சுமார் 800 பேர் நடந்தார்களாம். ஆணும் ஆணும் உறவு கொள்வது சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. முகம் தெரிந்தால் வேலை போகும், குடும்பம் கைவிடும். அதை நடத்தியவர்களில் ஒருவர் சைமன் என்கோலி. நிறவெறி அரசு போட்ட தேசத்துரோக வழக்கில் சிறையிலிருந்து, 1988-ல் விடுதலையானவர். கறுப்பராக நடத்தும் போராட்டத்தையும் தன்பாலீர்ப்பாளராக நடத்தும் போராட்டத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று சொன்னவர். அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. 'ஐயோ பாவம்' என்று நினைத்தேன். ரொட்டியைத் தின்றுவிட்டு, தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

போன தைப்பூசம் நினைவிருக்கிறதா? டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உன் துணைவி காவடிக்குச் சாமந்தி கோத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு முறைதான் காட்டிக்கொடுத்தேன். ஊசியை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "யாரம்மா இந்தப் பெண்?" என்று கேட்டாள். "மகளோடு வாடகை வீட்டில் இருக்கிற பெண்" என்றேன். அவள் கையில் ஊசி நின்றது. ஒரு பூ பாதி ஏறிய நிலையில் இருந்தது. பிறகு அதை நூலில் இறக்கிவிட்டு, அடுத்த பூவை எடுத்தாள். தலை நிமிரவே இல்லை. அன்று இரவு முழுவதும் அந்தக் காகிதப் பைகள்தான் என் கண்முன் வந்து நின்றன. அவள் தலையில் ஒன்றை நானே மாட்டிவிட்டேன்.

நம் அரசியல் சட்டத்தின் 9-வது பிரிவு பாலீர்ப்பைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. 2006-ல் ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக இங்கே உங்கள் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நீங்கள் கையெழுத்திட்ட நாளில், முழங்கால் வலி என்று சொல்லி நான் வராமல் இருந்துவிட்டேன். வலி இருந்தது உண்மை; ஆனால் அது காரணமில்லை. என்னை மன்னித்துவிடு.

சட்டம் இருந்தும் எனக்குப் பயம் போகவில்லை. 2012 ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்கள் சாலையில் படுத்து மறித்து, கொலை செய்யப்பட்ட தங்கள் தோழிகளுக்காக ஒரு நிமிட மௌனம் கேட்டதையும், அவர்களை விலகச் சொல்லி ஊர்வலத்தார் சிலர் சத்தம் போட்டதையும் படித்தேன். கேட்டது ஒரே ஒரு நிமிடம்! உன் துணைவியும் கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவில் வளர்ந்தவள். 2004 முதல் அங்கே தனியாக ஒரு ப்ரைடு நடப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. அடுத்த ஆண்டு என்னை அதற்கும் அழைத்துப் போகச் சொல். இருட்டிய பிறகு அவளைத் தனியாக டாக்ஸி பிடிக்க விடாதே.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை விடியும்போது பார்க் ஸ்டேஷனில் இருப்பேன். மாங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் போட்டிருக்கிறேன். காரம் குறைந்தது அவளுக்கு. தைப்பூசத்துக்குப் பூக் கோக்க வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வை. பக்கத்து வீட்டு அக்காவிடம் நேற்றுப் போய், அவள் என் மருமகள் என்று சொல்லிவிட்டேன். அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நன்றாகப் பூக் கோத்தாளே அந்தப் பெண்" என்றாள்.

அம்மா