ஆயிரம் ரூபாய் சலான்

புளியங்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, ஆச்சி எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை எடுக்கும்போது உட்கார்ந்திருக்கிறாயா, வண்டியில் போகிறாயா என்று இங்கிருந்து எனக்குத் தெரிவதில்லை. கடிதம் என்றால் ரூமுக்கு வந்து பிரித்துத்தான் படிப்பாய். அதனால்தான்.

உன் ஸ்கூட்டர் இன்னும் என் பெயரில்தானே இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் போனுக்கு ஒரு மெசேஜ். வண்டி நம்பர் போட்டு, இ-சலான், அபராதம் 1,000 ரூபாய் என்று இருந்தது. முதலில் ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். இப்போது சலான் என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் ஏதோ ஏபிகே அனுப்பி, தொட்டால் பேங்கில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிடுகிறார்களே. அதைத் தொடவே இல்லை. மறுநாள் பஜாரில் பிரவுசிங் சென்டருக்குப் போய், அரசாங்கத்தின் பரிவாகன் பக்கத்தைத் திறந்து, ஆர்.சி. நகலைப் பார்த்துச் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தைப் போட்டுப் பார்த்தோம். நிஜமான சலான்தான். படமும் இருந்தது.

அண்ணா நகர் ரவுண்டானா பக்கம். பகல் 1.10. வலது கை ஆக்சிலேட்டரில். இடது கையில் போன். தலை குனிந்திருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நிற்கவில்லை; பின்சக்கரம் கலங்கலாக விழுந்திருப்பதை வைத்து எனக்குத் தெரிந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தாய், அதற்குச் சந்தோஷம். சட்டைதான் அடையாளம் தெரியவில்லை. அந்த நிறத்தில் உனக்கு நானோ அம்மாவோ சட்டை எடுத்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. சரி, மெட்ராஸில் நீ எடுத்திருப்பாய்.

உடனே என் போனை எடுத்து, அந்த 1.10க்கு நான் உன்னைக் கூப்பிட்டேனா என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

பணத்தைக் கட்டிவிட்டேன். அம்மா கேட்டதற்கு வண்டி இன்சூரன்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் கேட்டால் அப்படியே சொல்.

இப்போது நான் சொல்வதைக் கேள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்தச் செல்போன் சங்கதி பெயர் சொல்லி இல்லை. அப்போது யார் கையில் போன் இருந்தது? 2019 செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் 184ஆவது பிரிவில், ஆபத்தாக ஓட்டுவது என்கிற குற்றத்தில், இதையும் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் இதுவும் இப்போது ஒரே பிரிவு. கோர்ட் வரை போனால் முதல் தடவைக்கே 6 மாதத்திலிருந்து 1 வருஷம் வரை ஜெயில் போடலாம், இல்லை 1,000 முதல் 5,000 வரை அபராதம், இல்லை இரண்டும். நம் மாநிலத்தில் 2022 அக்டோபரில் வந்த அரசாணைப்படி, போலீசிடமே கட்டி முடிப்பதானால் முதல் தடவை 1,000. அடுத்த தடவை 10,000. கவனி, இரண்டாயிரம் இல்லை, பத்தாயிரம். பத்தாயிரத்துக்கு எத்தனை நாள் ஓட வேண்டும் என்று உனக்கே தெரியும்.

லைசென்ஸ் வேறு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015லேயே எல்லா மாநிலத்துக்கும் எழுதிவிட்டது: வண்டி ஓட்டும்போது போன் பேசினால் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்யுங்கள் என்று. உன் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை போலிருக்கிறது. போயிருந்தால் சொல். லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொடாதே.

ஆபீஸுக்கு ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் போகிறவனுக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. வண்டியை வைத்துத்தான் அன்றைக்குச் சாப்பாடு என்று இருக்கிறவனுக்கு அப்படியா?

உன் ஆபீஸ் இருக்கிற சிறுசேரியிலிருந்து அண்ணா நகர் எவ்வளவு தூரம் என்று டீக்கடையில் கேட்டேன். மெட்ராஸில் இருந்தவர் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் வரும் என்றார். கம்பெனியில் ஏதோ வேலையாக அனுப்பியிருப்பார்கள் என்று நானே சொல்லி முடித்துவிட்டேன்.

மேலத்தெருவில் நம் தண்டல்காரர் பேரன் இருக்கிறான் இல்லையா, உனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். அவன் மெட்ராஸில் இப்போது சாப்பாடு கொண்டு கொடுக்கிற வேலை பார்க்கிறான். கோயில் கொடைக்கு வந்திருந்தான். திண்ணையில் உட்கார வைத்து எல்லாம் கேட்டேன். இவ்வளவு கஷ்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்குமாம். கொஞ்ச நேரத்துக்குள் விரலால் தள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். போகிற வழியில் ஓட்டல்காரன் கூப்பிடுவான், சாப்பாடு கேட்டவர் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்பார், மேப் வேறு இடப்பக்கம் திரும்பு என்னும். எல்லாம் அந்த ஒரு போனில். போன் இல்லாமல் அந்த வேலையே இல்லை, போனைத் தொட்டால் 1,000 ரூபாய். அடிக்கிறவனுக்கு அபராதம் இல்லை, எடுக்கிறவனுக்குத்தான் அபராதம். இந்தச் சட்டம் எழுதியவர்கள் இந்தப் பிள்ளைகளை நினைத்தார்களா என்று எனக்குச் சந்தேகம். 2020 அக்டோபரிலிருந்து வழி பார்ப்பதற்கு மட்டும் போனை வைத்துக்கொள்ளலாம், அதுவும் கவனம் சிதறாமல் என்று விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். வழி பார்க்கலாம், ஆர்டரைத் தள்ளக்கூடாது. ஒரே கண்ணாடியில் இரண்டும் வருகிறது.

சட்டத்தை நான் குறை சொல்கிறேன் என்று நீ அதைப் பிடித்துக்கொள்ளாதே. ரோடு நியாயம் பார்க்காது. நாற்பதில் போகிற வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். ஆர்டரைப் படித்து விரலால் தள்ளுவதற்கு நாலு வினாடி என்று வைத்துக்கொள். 44 மீட்டர். நான் ஓட்டிய பஸ்ஸை நாலு வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டு என்றால் ஓட்டுவாயா? உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது, போன் பேசிக்கொண்டு ஓட்டுகிறவன் விபத்தில் சிக்குவதற்கு வாய்ப்பு நாலு மடங்கு என்று. காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். கை சும்மா இருந்தாலும் புத்தி அங்கே போய்விடுகிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், மறுபடியும் சொல்கிறேன். டூட்டியில் ஏறும்போதே என் போன் கண்டக்டர் பையில் போய்விடும். தாத்தா தவறிய அன்று நான் ராஜபாளையத்திலிருந்து தென்காசி டிரிப் எடுத்திருந்தேன். சிவகிரி தாண்டும்போது போன் வந்திருக்கிறது. கண்டக்டர் எடுத்துப் பேசினார். நான் கண்ணாடியில் பார்த்தேன், ஏதோ பேசிவிட்டுப் பையில் போட்டார். அப்புறம் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் விசில் கொடுத்துக்கொண்டே வந்தார். நம் ஊர் ஸ்டாண்டில் வண்டி நின்றபோதுகூட வாயைத் திறக்கவில்லை. பஸ் நிறைய ஆட்கள். தென்காசியில் எல்லோரையும் இறக்கி, வண்டியைக் கட்டையில் விட்டு நான் சாவியை எடுத்த பிறகுதான் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். தாத்தா கிடந்த ஊரைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறேன். உன் பெரியப்பா இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. நம் ஊர் ஸ்டாண்டில் சொல்லியிருந்தால் மாற்று டிரைவருக்கு எங்கே போவது? நான்தான் எடுத்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீரோடு கடையநல்லூர் பஜாருக்குள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு எப்படி ஓட்டியிருப்பேன்?

அப்பா செத்த செய்தியே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது. ஒருத்தருடைய பிரியாணி காத்திருக்காதா?

தண்டல்காரர் பேரனுக்கும் இதையேதான் சொன்னேன். மணி அடித்தால் அடிக்கட்டும். இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றி, அப்புறம் போனைத் தொடு. நாளைக்கு இரண்டு ஆர்டர் குறையும், குறையட்டும் என்றேன். அவன் சிரித்தான். உங்களுக்கென்ன மாமா, நீங்கள் மாதச் சம்பளத்தில் ஓட்டினீர்கள் என்றான். அது உண்மை. டிரிப் குறைந்தால் எனக்குச் சம்பளம் குறையவில்லை. அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனாலும் நீ நிறுத்தித்தான் தொட வேண்டும்.

அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். அவர்களுக்கென்று அரசாங்கம் 2023இல் நல வாரியம் ஆரம்பித்திருக்கிறதாம். அவன் இன்னும் பதியவில்லை. ஆதாரை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துகொள் என்று திட்டி அனுப்பினேன். அண்ணா நகரில் மாநகராட்சி அவர்கள் உட்காருவதற்கு ஒரு ஏசி அறை கட்டியிருக்கிறதாம், போன் சார்ஜ் போடலாம், கழிப்பறை இருக்கிறதாம். நீ அந்தப் பக்கம் போனால் பார்.

வெயிலில் அலைந்து சாப்பாடு கொடுக்கிற வேலையில் ஒரு குறைவும் இல்லை. நான் ஊர் ஜனத்தைச் சுமந்தேன், அவன் சோற்றைச் சுமக்கிறான். அவன் இன்ஜினீயரிங் படித்தவன் என்று அவன் வீட்டில் வருத்தம். ஆறு மாதமாகச் சொல்லாமல் இருந்தானாம், அவன் அம்மா அழுதாள். வேலையை நினைத்து அழவில்லை, சொல்லாமல் இருந்ததற்குத்தான் அழுதாள்.

சரி. ஆடித்தபசுக்கு நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய். தீபாவளிக்காவது டிக்கெட் போடு. பணம் இடித்தால் சொல், சித்தப்பாவிடம் வாங்கியதை அடைத்தாகிவிட்டது, கையில் கொஞ்சம் இருக்கிறது. மாதாமாதம் நீ அனுப்புவதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கொள். அம்மாவுக்கு என் பென்ஷனே போதும். நீ அனுப்பியதை அவள் எடுக்கவே இல்லை, சேர்த்துத்தான் வைத்திருக்கிறாள்.

எலுமிச்சை விலை இறங்கிக் கிடக்கிறது. அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பல் விழுந்துவிட்டது.

வண்டியை உன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று போன வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாய். மாற்ற வேண்டாம். அது என் பெயரிலேயே இருக்கட்டும். மழைக்காலம் வருகிறது, முன் டயரைப் பார். அந்தப் படத்திலேயே தேய்ந்திருப்பது தெரிகிறது. நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள், மேலும் கீழும் தனித்தனியாக இருப்பது.

இனிமேல் பகலில் நான் கூப்பிட மாட்டேன். ராத்திரி வேலை எல்லாம் முடிந்து, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நீ கூப்பிடு. பதினொன்று ஆனாலும் பரவாயில்லை, அம்மா தூங்கினாலும் நான் முழித்திருப்பேன். ஸ்டாண்டு போட்ட பிறகு.

அம்மா ஊறுகாயும் பருப்புப் பொடியும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், காலையில் கிளாம்பாக்கத்தில் வாங்கிக்கொள். பஸ் நம்பரும் கிளீனர் நம்பரும் மெசேஜ் போடுகிறேன். வண்டி எங்கே வருகிறது என்று கேட்பதானால் கிளீனரைக் கேள். டிரைவர் நம்பரும் என்னிடம் இருக்கிறது, அதை நான் உனக்குத் தரமாட்டேன்.

இப்படிக்கு
அன்புள்ள அப்பா