பதிலி ஆள் இல்லாத ஷிப்ட்

பீளமேடு,
8 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இந்த மார்கழிப் பனியில் கோபியில் தங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இன்று காலை சின்னியம்பாளையம் சென்று, ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்ட 80-ஆவது ஆண்டு நினைவுநாளில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். அங்கே தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியபோது, இண்டிகோ விமான நிறுவனம் டிசம்பரில் இத்தனை விமானங்களை ரத்து செய்யும் நிலை ஏன் வந்தது என்று தாங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அந்த நிறுவனத்தின் வளர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2005-இல், ஒரு விமானம்கூடப் பறக்கவிடாத நிலையிலேயே 100 ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, 2006 ஆகஸ்ட் 4 அன்று சேவையைத் தொடங்கியவர்கள், இன்று 400-க்கும் மேற்பட்ட விமானங்களை வைத்துக்கொண்டு உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறார்கள். 2023 ஜூனில் ஒரே கையெழுத்தில் மேலும் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஒரே ரக விமானம், இறங்கிய கையோடு மறுபடி ஏற்றிவிடும் வேகம் என்று அவர்கள் சிக்கனம் கண்ட வழி நமக்குப் புதிதல்ல. ஒரே கவுண்ட் (ஒரே பருமன்) நூலை ஓட்டுகிற மில்லின் லாபக் கணக்கை நாம் பார்த்தவர்கள்தானே.

ஆனால் சிக்கனம் ஆள் கணக்கிலும் கை வைத்துவிட்டது என்பது என் எண்ணம். விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகும், இரவில் தரையிறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறையும் என்ற விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தது சென்ற நவம்பர் 1-ஆம் தேதிதான். இவ்வளவு அவகாசம் இருந்தும், புதிய விதிப்படி ஓட்ட விமானிகள் போதாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அந்த விதிகளிலிருந்து பிப்ரவரி 10 வரை விதிவிலக்கு வாங்கித்தான் மூச்சு விட்டார்கள். ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்ததே காரணம் என்று விமானிகள் சங்கத்தார் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

நம் மில்லில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேட்டருகே பதிலி ஆட்கள் காத்து நிற்பார்கள். நால்வர் வராவிட்டால் நால்வரை உள்ளே விட்டு ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தை ஓட்டிவிடுவேன். அந்த மனிதர்கள் வேலை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய நாட்களை நான் கணக்கில் வைத்ததில்லை, தாங்கள் வைத்தீர்கள்; அதற்காகத்தான் நாம் அவ்வளவு சண்டை போட்டோம். விமானிக்கு அப்படி ஒரு கேட் கிடையாது. ஒரு கேப்டன் உருவாக ஆண்டுகள் ஆகும் என்பதால், உபரி ஆளைச் சம்பளம் கொடுத்து முன்னதாகவே வைத்திருக்க வேண்டும்; அதை வீண்செலவு என்று எழுதுகிற கணக்குப்பிள்ளை, ஓய்வையும் வீண் என்றே எழுதுவார்.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் ஒரே நேரத்தில் நோய் விடுப்பு எடுத்ததும், வேலைநீக்கம் செய்யப்பட்டவர்கள் தில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின் திரும்பச் சேர்க்கப்பட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். அன்று நான் நிர்வாகத்தின் பக்கம் பேசினேன். இப்போது அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன்.

பொங்கல் கழிந்ததும் வருவதாகச் சொன்னீர்களே, மாட்டுப் பொங்கலுக்கே வந்துவிடுங்கள். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு வைக்கிறேன். விதிவிலக்கு முடிந்தபின் எத்தனை விமானம் இறங்குகிறது என்று எண்ணுவதற்கு அப்படியே பிப்ரவரி வரை தங்கினாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

தங்கள் அன்புத் தம்பி