கில்மோரின் அடுப்படிக்கும் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் அலபாமா மாநில வரலாறு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1861-இல் மாண்ட்கோமரி நகரம் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் முதல் தலைநகரானது, 1965-இல் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸார் அடித்துத் துரத்தியது எல்லாம் விரிவாக வந்திருக்கிறது. ஆனால் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழ வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பை, 'ரோசா பார்க்ஸ் களைப்பால் எழுந்திருக்க மறுத்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மனசு கேட்கவில்லை.

களைப்பு என்பதே சரியில்லை. 1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது அவருக்கு 42 வயது. 1943 முதலே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் கிளைச் செயலாளர். அன்றைக்கு உடம்பு அசதி ஒன்றுமில்லை, விட்டுக்கொடுத்தே அலுத்துப்போனது என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். அவருக்கு முன்பே, அந்த மார்ச் மாதம், கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே ஊரில் இடம்விட மறுத்துக் கைதானாள். பஸ்ஸில் இனப் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது, அவளும் ஒரு வாதியாக இருந்த வழக்கில்தான். ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் வாதி இல்லை.

ரோசா கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். தாளுக்கு மூன்றாக அடித்து, வெட்டி, கட்டுக்கட்டி, காலை எட்டு மணி வகுப்புக்கும் போனார். பள்ளி அலுவலகத்தில் வருஷக்கணக்கில் சைக்ளோஸ்டைல் என்ற நகல் இயந்திரத்தைச் சுற்றியவன் நான். ஸ்டென்சில் பாதியில் கிழியும். நகக்கண்ணில் ஏறிய மை இரண்டு நாளைக்குப் போகாது. அந்த ராத்திரியின் பாடு எனக்குத் தெரியும்.

ஜார்ஜியா கில்மோர் சமையல் வேலை பார்த்தவர். போராட்டத்தால் வேலை போனதும் வீட்டிலேயே சமைத்தார். அவரும் தோழிகளும் பொரித்த கோழியும் கேக்கும் விற்றுச் சேர்த்த காசு, பஸ்ஸைப் புறக்கணித்தவர்களை வேலைக்கு ஏற்றி இறக்கிய கார்களுக்குப் பெட்ரோலானது. எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' என்பார். குழுவின் பெயரே அதுதான். கொடுத்தவர் பெயர் தெரிந்தால், வெள்ளைக்காரர் வீட்டில் பார்க்கும் வேலை போய்விடுமே!

இப்படித்தான் 381 நாள் தாக்குப்பிடித்தார்கள். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள், அது வேண்டியதுதான். அடுத்த இணைப்பில் இந்தப் பெண்களுக்கும் அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர்,
தஞ்சாவூர்