பின்பக்கத் தோட்டத்துக்குச் சிமெண்டு வேண்டாம்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பின்பக்கத் தோட்டத்தை எடுத்துவிட்டுச் சிமெண்டு போட்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடமாக்கலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. காரணம், கொசு. ஒரே மாதத்தில் நம் பிளாக்கில் மூன்று பேருக்கு டிங்கி காய்ச்சல். நான் அன்று வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அதனால்தான் இந்த மடல், எல்லோரும் படிக்கட்டும் என்று.

முதலில், தோட்டம் போடும் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் கொசுப்புழு இருந்தது உண்மை. தண்ணீர் ஊற்றும் வாளியில் பாதிக்கு மழைத்தண்ணீர் நின்றிருந்தது. அதில் நெளிந்ததைக் கண்டுபிடித்தவன் நான்காம் மாடிப் பையன். கொட்டிவிடச் சொன்னேன். அவன் கொஞ்சத்தை ஒரு ஜாம் போத்தலில் அள்ளி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, மாடிப்படி ஓரத்தில் வைத்துவிட்டான். பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். புழு சுருண்டு, காற்புள்ளி மாதிரி தலை பெருத்து, ஒருநாள் காலை போத்தலின் உள்பக்கம் ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. காலில் வெள்ளை வரி. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ்தான். அந்தப் போத்தலைத் திறக்காமலே வெயிலில் வைத்தோம்.

அதற்கப்புறம் சனிக்கிழமை காலையில் யாரும் சொல்லாமலே வாளிகளைக் கவிழ்க்கிறார்கள். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், வாரம் ஒருமுறை கொட்டினால் அது முடியாது என்று என் மகள் எனக்கே பாடம் எடுக்கிறாள். கொட்டினால் மட்டும் போதாதாம், உள்பக்கம் தேய்க்கவும் வேண்டுமாம். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். அவள் சொல்லித்தான் வீட்டிலும் பார்த்தேன். சாமி மேடை பக்கத்தில் அழகுக்கு வைத்த மணி பிளாண்ட் போத்தலில், அம்மன் படத்துக்கு நேர் கீழே, நெளிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக அங்கே ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன்! அதிகாரி வந்திருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் வந்திருக்கும். நம் பிளாக்கில் இன்னும் எத்தனை வீட்டில் அப்படி ஒரு போத்தல் இருக்கிறதோ.

டிங்கியை நான் லேசாகப் பேசவில்லை. 2023இல் மலேசியா முழுவதும் 120,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 100 பேர் இறந்தார்கள். ஆனால் புகையடித்தால் தீரும் என்று நினைப்பது பாதி நம்பிக்கைதான். புகை பறக்கிற கொசுவைக் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவை அது தொடாது.

போன முறை புகையடித்த மறுவாரம் எங்கள் பூசணியில் ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. பூ பூக்கிறது, வாடுகிறது, விழுகிறது. வழக்கமாக வரும் கெலுலுட் என்ற கொடுக்கில்லாத தேனீக்களைக் காணவில்லை. தேனீ வராததால்தான் பிஞ்சு நிற்கவில்லை என்று மூன்றாம் மாடி மக்சிக்தான் (மலாய்க்கார அம்மா) சொன்னார். காலை ஏழரைக்கு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் குட்டிக்காய் இருக்கும் பெண் பூவில் அவர் தடவிக் காட்டினார். பத்து மணிக்கெல்லாம் பூ மூடிவிடும். ஒரு தேனீ கணக்கே கேட்காமல் செய்கிற வேலைக்கு நாங்கள் ஆறு பேர் அலாரம் வைத்து எழுந்தோம்.

அதே மக்சிக்கும் நானும் ஒரு செடிக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். அவருக்கு அது பெகாகா, சோற்றோடு பச்சையாகச் சாப்பிடும் உலாம். எனக்கு வல்லாரை, பரீட்சைக்கு முன் அம்மா அரைத்துக் கொடுத்தது. ஒரே கீரை என்று தெரிய எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் வீட்டில் தோட்டம் என்றால் கம்பெனியுடையது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அம்மா முருங்கை வைத்திருந்த துண்டு நிலத்துக்குப் பேரே கிடையாது. பிளாட்டுக்கு வந்ததும் அது ஒரு பெயிண்ட் டின் கறிவேப்பிலையாகச் சுருங்கியது. மழை வந்தால் சாலை நெரிசல் என்று மட்டும் தெரிந்த என் மகள், இப்போது நாலு மணிக்கு மேகத்தைப் பார்த்து, இன்று தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறாள்.

பங்சாரில் மின்கம்பிகளுக்குக் கீழே 2017இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் என்ற சமூகத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் நமக்கும் ஆசை வந்தது. அது எட்டு ஏக்கர். நம்முடையது இரண்டு பஸ் நிற்கும் அளவு. அதில் எத்தனை மோட்டார் நிற்கும், நீங்களே அளந்து பாருங்கள். சிமெண்டிலும் பள்ளம் விழும், தண்ணீர் நிற்கும். அதைக் குனிந்து பார்க்க அப்போது யார் வருவார்கள்?

எங்கள் பங்குக்கு, மூடியில்லாத வாளி, பழைய டயர் எதையும் இனி வைக்க மாட்டோம். மாதம் ஒருமுறை குழுவில் ஒருவர் வந்து பார்க்கட்டும். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் டார்ச்சோடு மொட்டைமாடிக்குப் போகக் கேட்கிறார்கள். மழைக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குளம் மாதிரி நிற்கிறதாம். அந்தக் கதவின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் மாடியிலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரி