நகரியில் இருக்கும் நண்பனுக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். தாயும் பிள்ளையும் நலம் என்று அடுத்த கடிதத்தில் நீ எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். இங்கே ஆடிக் காற்று பிடுங்கி எடுக்கிறது. கணவாய் வழியாக வரும் காற்றில் ராத்திரியெல்லாம் தென்னை மட்டை விழுகிற சத்தம்தான். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன், இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார்.

வேலையை விட்டுவிட்டுப் பொதுக் காப்பீட்டு ஏஜென்ட் பரீட்சைக்குப் படிக்கிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பரீட்சையை நினைத்துப் பயப்படாதே. 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 விழுக்காடு எடுத்தால் பாஸ். தமிழிலேயே எழுதலாம். நீ பாஸாகிவிடுவாய். எனக்குக் கவலையெல்லாம் அதற்கப்புறம் நீ ஒரு தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு தொகைக்குப் பாலிசி எழுதப் போகிறாய் என்பதில்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் ஒரு நார் மில்லில் நடந்தது. தேங்காய் மட்டையை அடித்து மஞ்சி, அதாவது நார், எடுத்துக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். மாசி வெயில், மோட்டார் பக்கம் ஒரு பொறி. மஞ்சி பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷெட், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து 40 லட்சம் பெறும். எரிந்தது 12 லட்சத்துக்கு. பாலிசி 20 லட்சத்துக்கு இருந்தது. பன்னிரண்டு இருபதுக்குள் அடக்கம்தானே, முழுசாக வந்துவிடும் என்று முதலாளி தைரியமாக இருந்தார். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்து மொத்த மதிப்பைக் கணக்குப் போட்டார். 40 பெறுகிற சொத்தை 20-க்குத்தான் இன்ஷூர் செய்திருக்கிறீர்கள், மீதிப் பாதியை நீங்களே சுமப்பதாக அர்த்தம், ஆகவே 12-இல் பாதி என்று 6 லட்சம் போட்டார். அதிலும் எக்ஸெஸ், அதாவது பாலிசிக்காரர் தானே ஏற்க வேண்டிய தொகை, கழிந்தது. அந்த மனுஷர் கரித்தூள் ஒட்டிய கையோடு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் புத்தகத்தில் ஆவரேஜ் என்று அரைப்பக்கத்தில் முடிந்துபோகிற விஷயம் இதுதான். இழப்பு × காப்பீட்டுத் தொகை ÷ உண்மை மதிப்பு. பரீட்சையில் ஒரு மார்க் கணக்கு. வெளியில் ஒரு குடும்பத்தின் பாதி வாழ்க்கை.

அந்த 20 லட்சம் எப்படி வந்தது தெரியுமா? பேங்க் லோன் 20 லட்சம். லோன் கொடுத்தவர்கள் தங்கள் பணத்துக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்தச் சொத்தில் இருக்கும் காப்பீட்டு நலன், அதாவது சொத்து போனால் அவர்களுக்கு ஆகும் நஷ்டம், அவ்வளவுதான், சட்டப்படி அதில் தப்பில்லை. மில்லுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று முதலாளி நம்பிவிட்டார். நீ எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் லோன் பாலிசியை வாங்கித் தொகையைப் பார்.

2021 ஏப்ரல் 1 முதல் தீக்காப்பீட்டில் வந்த பாரத் பாலிசிகளைத் தனியாகப் படித்துக்கொள். சொத்து மதிப்பு 5 கோடி வரையுள்ள சிறு தொழிலுக்கு சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதில் காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிட 15 விழுக்காடு வரை குறைந்திருந்தால் ஆவரேஜ் போட மாட்டார்கள். பாதிக்குப் பாதி குறைந்தால் அது காப்பாற்றாது. வீட்டுக்கான கிருஹ ரக்ஷாவில் ஆவரேஜே கிடையாது. இவ்வளவு நல்ல விஷயத்தை எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் நகரி, புத்தூர் தறிகளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கூலிக்கு நெய்கிறவர் வீட்டில் இருக்கும் நூலும் பாவும் பெரும்பாலும் நூல் கொடுத்த முதலாளியுடையதுதானே? சரக்கு என்று பொதுவாக எழுதினால் அடுத்தவர் சரக்கு அதில் அடங்காமல் போகலாம். நம்பிக்கையில் வைத்திருக்கும் சரக்கு என்று தனியாகச் சொல்லி எழுதிக்கொள்.

கோட்பாடுகளில் சப்ரோகேஷன்தான் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் வந்து மில் சுவரை இடிக்கிறது. தீக்காப்பீட்டு கம்பெனி உனக்குப் பணம் கொடுத்துவிட்டால், லாரிக்காரர் மேல் உனக்கிருந்த உரிமை அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் வாங்கி நீ லாபம் பார்க்கக் கூடாது. ஒரே சொத்துக்கு இரண்டு கம்பெனியில் பாலிசி இருந்தால் அவை இழப்பைப் பங்கு போட்டுக்கொள்வது கான்ட்ரிப்யூஷன். இரண்டுக்கும் வேர் இண்டெம்னிட்டி, அதாவது இழந்ததற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மோட்டாரில் மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை சில உண்டு. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவின்படி கட்டாயம். உயிரிழப்பு, காயத்துக்கு உச்சவரம்பு இல்லை. கார், லாரி அடுத்தவர் சொத்தை இடித்தால் 7.5 லட்சம் வரை. கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 விழுக்காடு. அது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. வண்டியை விற்றாலும் போனஸ் உன்னோடு வரும். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் நிறையப் பேர் தெரிந்துகொண்டது இன்னொன்று. நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்து வயரிங் கெட்டால் கிளெய்ம் உண்டு. தண்ணீரில் நிற்கும்போதே சாவி போட்டு இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால், இன்ஜின் பாதுகாப்பு தனியாக எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் கைவிரிப்புதான். அண்மைக் காரணம், அதாவது இழப்பை உண்மையில் உண்டாக்கிய காரணம், எது என்கிற கேள்வி அங்கேதான் வருகிறது.

1938 காப்பீட்டுச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மறக்காதே. 64விபி: பிரீமியம் வராமல் ரிஸ்க் தொடங்காது, நீ வாங்கிய பணத்தை 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் சேர்த்தாக வேண்டும். 41: உன் கமிஷனில் விட்டுக்கொடுத்து ஆள் பிடிக்கக் கூடாது. கேட்பார்கள், சொந்தக்காரர்களே கேட்பார்கள். முதல் ஆளிடமே முடியாது என்று சொல்லிவிடு.

உன்னைப் போல ஆந்திர எல்லையோரத்து ஆட்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கம்பெனியிடம் முறையிட்டும் நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கம்பெனிக் கிளை இருக்கும் இடமோ, புகார்தாரர் குடியிருக்கும் இடமோ, எதை வைத்தும் போகலாம். திருத்தணிக் கிளையில் பாலிசி எடுத்த நகரிக்காரர் ஹைதராபாத் போகத் தேவையில்லை, சென்னையிலேயே தமிழில் பேசி முடித்துக்கொள்ளலாம்.

பரீட்சைத் தேதி வந்ததும் எழுது. அந்தத் தறிச் சரக்கு விஷயத்தை அங்கே இரண்டு பேரிடம் விசாரித்து, அவர்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே பார்த்து அனுப்பு. பாலிசி கேட்டுக் கொடுக்கும் புரபோசல் ஃபாரத்தை எப்படி நிரப்புவது என்று நான் ஒன்று எழுதி அனுப்புகிறேன்.

உன் அன்புள்ள,
பழைய பெஞ்சுத் தோழன்