குளம் வெட்டும் முன்

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

மூன்று ஏக்கரில் ஒன்றைக் குளமாக்கலாமா என்று கேட்டிருந்தாய். மண்வெட்டி இறங்கும் முன் ஏழாம் நம்பர் பாரத்தை, அதாவது இங்கே பர்மாவில் தரும் நில உரிமைச் சான்றை, எடுத்துப் பார். அது இன்னும் அப்பா பேரிலேயே இருந்தால் வாரிசு மாற்றம்தான் முதல் வேலை. இல்லாவிட்டால் பேங்குக் கடன் நகராது. அடுத்து, நிலம் பதிவில் ‘லே’யா ‘யா’வா என்று கேள். பர்மியில் ‘லே’ என்றால் நெல்வயல், ‘யா’ என்றால் மேட்டுப் புஞ்சை. 2012 விவசாய நிலச் சட்டப்படி அனுமதியில்லாமல் நெல்வயலில் குளம் வெட்ட முடியாது. மனுவை ஊர்க்குழுவில் கொடுத்தால், அது டவுன்ஷிப் (வட்டம்), அதற்கும் மேலே என்று ஏறும். மீறினால் அபராதம், நிலத்தைவிட்டு வெளியேற்றுவது வரை போகலாம்.

நாட்டுக்குச் சோறு வேண்டும் என்றுதான் இந்தக் கட்டு. 2003 வரை சந்தைக்குக் குறைந்த விலையில் அரசாங்கம் நெல் அளந்து வாங்கியதும் அதே நினைப்பில்தான். ஆனால் குதிரில் நெல் இருக்கும் வீட்டில் எண்ணெயும் மீனும் பருப்பும் கடனுக்கு வருகிறதே, அதைப் பசியாற்றியதாக எப்படிச் சொல்வது? நிலமில்லாதவர் பாடு இன்னும் மோசம். நெல்லில் அவர்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும்தான் கூலி. குளமும் காய்கறியும் இருந்தால் வருஷம் முழுக்க வேலை உண்டு. அனுமதிக்கு அலைய முடியாத சிறு விவசாயிகள் திருட்டுத்தனமாகக் குளம் வெட்டுகிறார்கள், அதைக் காட்டிக் கடனும் கேட்க முடிவதில்லை. பெரிய கைகள்தான் காகிதத்தோடு வெட்டுகின்றன. இது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டத்துக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று உளுந்து. மழைநெல் அறுத்த கையோடு, ஈரம் காயும் முன் விதைத்துவிடு. அறுப்பு பத்து நாள் தள்ளினாலே அடிமண் இறுகி முளைப்பு கெடும். அதனால் குறுகிய நாள் நெல்லாகப் பார். உளுந்து இந்தியாவுக்குப் போகிற சரக்கு, அங்கே இறக்குமதி விதி மாறினால் இங்கே விலை சரியும். எல்லாப் பணத்தையும் அதில் போடாதே.

இன்னொன்று நெல்லோடு மீன். வரப்போரம் மூன்றடி ஆழத்தில் பள்ளம் எடு, மொத்த வயலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வரப்பை உயர்த்தி, நீர் வரும் வாயிலும் போகும் வாயிலும் வலை கட்டு. பூச்சிமருந்து அடித்தால் மீன் செத்துப்போகும். பயிர் நெல்லாகவே இருந்தாலும், பள்ளத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று நிலப்பதிவு ஆபீசில் எழுத்தில் வாங்கிக்கொள். வாய்ச்சொல்லை நம்பாதே.

பாரத்தில் உள்ள குவின் (வயல் தொகுதி) நம்பரையும் துண்டு நம்பரையும் அடுத்த கடிதத்தில் எழுது. மனுவை இங்கேயே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுப்பையா
மோல்மேன்