ஆனிக் காற்றுக்கு முன்னால், தம்பிக்கு

சவுத்தாம்ப்டன்,
வைகாசி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ, அம்மா, ஆச்சி எல்லோரும் நலமா? போன் போட்டால் அம்மா பேசி, ஆச்சி பேசி, உன் கைக்கு வருவதற்குள் யாராவது கஸ்டமர் உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி அனுப்பினால் நிதானமாகப் படிப்பாய், தேவைப்பட்டால் திரும்பவும் எடுத்துப் பார்ப்பாய்.

முதலில் வீட்டு விஷயம். குளிர்காலம் ஒருவழியாகப் போய்விட்டது. மார்கழியில் இங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நாலு மணிக்கு இருட்டிவிடும். வேலைக்குப் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். இப்போது அப்படியே தலைகீழ். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. "வெயில் இருக்கே, எதுக்குத் தூங்கணும்" என்று பிள்ளை உன் மதினியைப் பாடாய்ப் படுத்துகிறான். வாடகை அதிகம்தான், ஆனால் வீடு காய்ந்த வீடு, சுவரில் ஈரம் இல்லை. இங்கே அதுவே பெரிய விஷயம் என்று வந்த பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் புனலூர்க்கார அக்கா ஒருவர் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் நர்ஸ். செங்கோட்டை என்று சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சின்ன வயதில் அவர் அப்பா துணி எடுக்கத் தென்காசிக்குக் கூட்டி வருவாராம். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, அவர் பேசுவது நமக்குப் புரிகிறது. மரச்சீனிக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று உன் மதினிக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஊரில் இருந்தபோது கோட்டைவாசலைத் தாண்டினால் வேறு மாநிலம். இங்கே அந்த மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஊராகிவிட்டது.

வேலை நீ செய்கிற அதே வேலைதான். பள்ளிக்கூடம், ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று கட்டடம் கட்டடமாக நெட்வொர்க் கேபிள் போடுகிறோம். பாதுகாப்புப் பரீட்சை எழுதி அட்டை வாங்கியவனைத்தான் சைட்டுக்குள் விடுவார்கள். என் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் என்றால் சிரிக்கிறார். ஆனால் கேபிள் கட்டுகிற விஷயத்தில் அந்த மனிதரிடம் சிரிப்பெல்லாம் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கட்டுகிற கட்டு எனக்குத் தெரியும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு எதுவும் அசையக் கூடாது என்று கேபிள் டையைப் பிளையரால் பிடித்து, இடுப்பு இறுகுகிற மாதிரி இழுத்துக் கட்டுவாய். நம் பக்கம் எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். இங்கே அப்படிக் கட்டினால் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டச் சொல்வார்கள். காரணத்தைக் கேள்.

கேட் 6 (Cat 6) என்கிற நெட்வொர்க் கேபிளுக்குள் நாலு ஜோடிச் செம்புக் கம்பி இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் வேறு வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடியில் கலக்காமல் இருப்பதே அந்த முறுக்கால்தான். கட்டி நசுக்கினால் ஜோடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மாறிவிடும். அந்த இடத்தில் சிக்னலில் கொஞ்சம் பட்டுத் திரும்பி வரும். வெளியே பார்த்தால் உறையில் ஒரு லேசான பள்ளம், அவ்வளவுதான். உள்ளே பாழ். நெட் வரும், ஆனால் டெஸ்டர் ஃபெயில் என்று காட்டும். இன்னொன்று, வளைக்கும்போது கேபிளின் பருமனைப் போல நாலு மடங்கு ஆரத்துக்குக் குறையக் கூடாது. ஆறு மில்லிமீட்டர் கேபிள் என்றால் இரண்டரை சென்டிமீட்டர் ஆரம். இழுக்கும் விசையும் 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட 11 கிலோ எடையைத் தூக்குகிற இழுப்பு அது. வாலிபப் பையன் ஒருவன் கோபத்தில் இழுத்தாலே தாண்டிவிடும்.

அதனால் இங்கே வெல்க்ரோ பட்டைதான். நாயுருவிக் காட்டுக்குள் நடந்தால் வேட்டியில் விதை ஒட்டிக்கொள்ளுமே, அதே கொக்கி வேலைதான் இதிலும். ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ்காரர் 1941-ல் தன் நாயோடு நடந்துவிட்டு வந்து, அதன் ரோமத்தில் ஒட்டியிருந்த ஒரு செடியின் காயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். பட்டையைச் சுற்றிக் கட்டின பிறகு மேஸ்திரி ஒரு சோதனை செய்வார். கட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு கேபிளை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுவார். அது லேசாக நகர வேண்டும். நகர்ந்தால் பேசாமல் அடுத்த கட்டுக்குப் போவார். நகராவிட்டால் பட்டையைப் பிரித்து என் கையிலேயே கொடுத்துவிடுவார்.

லேசாகக் கட்டினால் கேபிள் கீழே விழாதா என்று நீ கேட்பாய். விழாது. ஏனென்றால் அதைத் தாங்குவது கட்டு இல்லை. ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று அடிப்பக்கம் அகலமாக இருக்கிற இரும்புக் கொக்கியோ, நீள இரும்புத் தட்டோ முதலில் போட்டுவிடுகிறோம். எடை முழுவதையும் அதுதான் சுமக்கிறது. கட்டுக்குக் கேபிள் அங்கே இங்கே நகராமல் ஒழுங்காக வைக்கிற வேலை மட்டும்தான். ஃபால்ஸ் சீலிங் பலகை மேல் கேபிளை அப்படியே போட்டுவிட்டுப் போவதோ, தண்ணீர்க் குழாயில் கட்டித் தொங்கவிடுவதோ கூடவே கூடாது.

கொக்கி ஏன் இரும்பு என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, இந்த ஊர்க் கதை. நான் பஸ்ஸில் போகிற வழியில் ஷெர்லி டவர்ஸ் என்று ஓர் உயர்ந்த குடியிருப்புக் கட்டடம் வரும். 2010 ஏப்ரலில் அங்கே ஒரு வீட்டில் தீப்பிடித்தது. வயர்கள் போயிருந்த பிளாஸ்டிக் பட்டி சூட்டில் இளகி, உள்ளே இருந்த வயரெல்லாம் கீழே தொங்கிவிட்டது. உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் கண் தெரியாத புகையில் அதில் சிக்கினார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதற்கு முன் 2005-ல் ஸ்டீவனேஜ் என்ற ஊரிலும் இப்படித்தான் ஒரு குடியிருப்பில் தீ. அங்கே இரண்டு வீரர்களும் ஒரு பெண்ணும் இறந்தார்கள், அங்கேயும் விழுந்த வயர் உண்டு. அதற்கப்புறம்தான் பிஎஸ் 7671 என்ற இந்த நாட்டு ஒயரிங் விதியில் மாற்றம் வந்தது. தப்பித்து வெளியேறும் வழிகளில் போகிற கேபிள் தீயில் சீக்கிரம் விழாதபடி தாங்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2015-ல் கொண்டுவந்தார்கள். 2018-ல் வந்த பதிப்பில் அது கட்டடம் முழுவதற்கும் என்றாகிவிட்டது. கரன்ட் வயர், நெட் வயர் என்ற வித்தியாசம் இல்லை. அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அந்த இருவரையும் நினைத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வரும். போன வருஷம் தாழத் தொங்கிய வயர் பைக்கில் வந்த பையன் கழுத்தில் மாட்டியதை நீ சொன்னாயே. யாருடைய வயர் என்றே தெரியவில்லை, கனெக்‌ஷன் போன பிறகும் கழற்றாமல் விட்டது என்றாய். அவன் பிழைத்தது அவன் அம்மா செய்த புண்ணியம். புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற வைக்கோல் லாரிகளின் உயரம் உனக்குத் தெரியாததா? ரோட்டைக் குறுக்கே தாண்டுகிற வயர் ஒன்று தொய்ந்திருந்தால் போதும், லாரி அதை இழுத்துக்கொண்டு போகும், கூடவே போஸ்ட்டில் இருக்கிற மற்றதும் வரும். அதனால் முதல் வேலையாக, உன் லைனில் செத்துக் கிடக்கிற பழைய வயரையெல்லாம் கழற்று. காசு வராத வேலைதான், செய்.

இரண்டாவது, ஃபைபர். நீ வீட்டுக்கு இழுக்கிற ட்ராப் ஃபைபரில் கண்ணாடி இழையின் பருமன் 125 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதோடு ஒரு பக்கமாக இரும்புக் கம்பி ஓடுகிறது, கவனித்திருப்பாய். தாங்குவதற்கென்றே அந்தக் கம்பியைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் அந்தக் கம்பியைப் பிரித்து அதைக் கிளாம்ப்பில் மாட்டி இழு. இழை இருக்கிற பக்கத்தில் இழுப்பே விழக் கூடாது. நம் ஆட்கள் மொத்தமாகச் சேர்த்துத் தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். காற்றில் மரம் ஆட ஆட, அந்த முடிச்சில் இழை மடங்கிக்கொண்டே இருக்கும். அணில் கடிப்பது வேறு.

"நெட் நல்லா இருக்கு, டிவி மட்டும் புள்ளி புள்ளியா வருது" என்று கஸ்டமர் சொல்வதாகப் புலம்பினாயே. பெட்டியை மாற்றுவதற்கு முன் எங்கேயாவது கேபிள் மடங்கியிருக்கிறதா, டை இறுகியிருக்கிறதா என்று பார். வீட்டிலிருந்து நெட் மேலே போவது 1310 நானோமீட்டர் ஒளியில், கீழே வருவது 1490-ல், டிவி வருவது 1550-ல். அலைநீளம் கூடக் கூட, வளைவில் ஒளி அதிகமாக வெளியே கசியும். அதனால் மடிப்பு விழுந்தால் முதலில் அடிபடுவது டிவிதான். கேபிள் சுருளில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதையும் பார்த்து வாங்கு. ஜி.652 என்ற பழைய ரக இழைக்கு மூன்று சென்டிமீட்டர் ஆரம் வேண்டும். ஜி.657 ஏ2 என்றால் முக்கால் சென்டிமீட்டர் ஆரம் வரை வளைத்தாலும் தாங்கும். சுவர் முனையில் திரும்புகிற வீடுகளுக்கு அதையே போடு.

வெளியில் கட்ட வெள்ளை நைலான் டை வாங்காதே. வெயிலில் வெளுத்து, நொறுங்கிப் போகும், சாரல் காலம் வருவதற்குள் பாதி அறுந்திருக்கும். கறுப்பு டை தாங்கும், அதில் வெயிலைத் தடுக்கக் கரி சேர்த்திருப்பார்கள். அதையும் கையால் இழுத்து நிறுத்து, பிளையர் வேண்டாம். மீதி வாலைச் சரிவாக வெட்டினால் கத்தி மாதிரி முனை நிற்கும், அடுத்து கை வைக்கிறவன் தோலைக் கிழிக்கும். ஒட்டி வெட்டு. அப்புறம், வீட்டுக்குள் கேபிள் நுழைகிற ஓட்டைக்கு முன்னால் அதைக் கொஞ்சம் கீழே இறக்கி மேலே ஏற்று. மழைத் தண்ணீர் கேபிள் வழியாக ஓடி வந்தாலும் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், சுவருக்குள் போகாது. குற்றாலத்துச் சாரல் நாள் கணக்கில் விடாமல் பெய்யும்போது இதன் அருமை தெரியும்.

ஈபி போஸ்ட்டில் நீயாக ஏறாதே. இதை மட்டும் அண்ணனாகக் கேட்கிறேன். லைனை நிறுத்தி, அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்காமல் கை வைக்காதே. கஸ்டமர் கத்தினால் கத்தட்டும்.

புனலூர் அக்கா அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அவரிடம் வெல்க்ரோ சுருள் கொடுத்து விடுகிறேன். அது வெயிலுக்கு ஆகாது, உன் கன்ட்ரோல் ரூமுக்குள் ரேக்கில் கட்ட மட்டும் வைத்துக்கொள். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் ஆச்சிக்கு முழங்கால் தைலமும் அதிலேயே இருக்கும். நீ ரயிலில் போய் வாங்கி வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. பாதை அகலமாக்கின பிறகு அவள் அந்த ரயிலில் ஏறவே இல்லை என்றாள், தென்மலைப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கட்டும். திரும்ப வரும்போது அந்த அக்கா கையில் அரிசி வற்றலும் நம்ம வீட்டு மிளகாய்ப் பொடியும் கொடுத்து விடு. மதினி கேட்டது மிளகாய்ப் பொடி மட்டும்தான், வற்றல் எனக்கு.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்